சாபம் வாங்கியவளின் சாட்சியம்

வில்லனின் பக்கத்திலிருந்து ஒரு கதையைச் சொல்வது சுலபம். வில்லனுக்கு ஒரு காயத்தைக் கொடுத்துவிட்டால் போதும், மீதியைப் பார்க்கிறவர்களே பார்த்துக்கொள்வார்கள். 2014இல் வந்த டிஸ்னியின் ‘மலெஃபிசன்ட்’ படமும் இப்படித்தான் தொடங்குகிறது. ஆனால் பாதி வழியில் அந்தச் சுலபத்தை விட்டு விலகுகிறது. எனக்கு இந்தப் படம் பிடித்திருப்பது அந்த விலகலுக்காக.

தூங்கும் அழகியின் பழைய கதைகளில் சாபத்துக்கான காரணம் ரொம்பச் சின்னது. ஷார்ல் பெரோ 1697இல் வெளியிட்ட வடிவத்தில், இளவரசியின் பெயர்சூட்டு விழாவுக்கு ஒரு வயதான தேவதையை மட்டும் அழைக்கவில்லை. ஐம்பது வருடத்துக்கு மேல் அவள் வெளியே தலைகாட்டாததால் செத்துப்போயிருப்பாள் என்று நினைத்துவிடுகிறார்கள். கிரிம் சகோதரர்களின் வடிவம் இன்னும் வேடிக்கை. அழைக்கவேண்டியவர்கள் 13 பேர், அரண்மனையில் இருப்பதோ 12 தங்கத் தட்டு. ஆகவே ஒருத்திக்கு அழைப்பு இல்லை. பத்திரிகை வைக்கவில்லை என்று வருடக்கணக்கில் பேசாமலிருக்கும் பெரியப்பாக்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதெல்லாம் புரியாத விஷயமில்லை. டிஸ்னியின் 1959 அனிமேஷன் படமும் இதோடு நிறுத்திக்கொண்டது. அதில் மலெஃபிசன்ட் கெட்டவள், அவ்வளவுதான்.

2014 படத்தின் திரைக்கதையாசிரியர் லிண்டா வுல்வர்டனுக்கு இந்தக் காரணம் போதவில்லை. அவர் ஸ்டெஃபனைக் கொண்டுவருகிறார். ஏழைப் பையன். தேவதைகளின் நிலத்தில் வளரும் மலெஃபிசன்டோடு பழகுகிறான். அவளுடைய பதினாறாவது பிறந்தநாளில் ஒரு முத்தம் கொடுத்து, இதுதான் உண்மைக் காதலின் முத்தம் என்கிறான். பிறகு, அவளைக் கொல்பவனுக்கே அரியணை என்று அரசன் அறிவித்ததும் அவளிடம் திரும்பி வருகிறான். மயக்க மருந்து கொடுத்துக் கத்தியை ஓங்குகிறான், கொல்ல மனம் வரவில்லை, சிறகுகளை மட்டும் அறுத்துக்கொண்டு போகிறான். விடிந்ததும் ஏஞ்சலினா ஜோலியிடமிருந்து வரும் அந்த ஓலத்தைச் சிறுவர் படத்தில் நாம் எதிர்பார்ப்பதில்லை. சிறகு அறுப்பு வன்புணர்வுக்கான உருவகம் என்று ஜோலியே பின்னர் சொல்லியிருக்கிறார்.

இங்கேதான் இந்த வகைப் படங்கள் வழக்கமாகச் சறுக்கும். நான் மென்பொருள் வேலையில் இருப்பவன். ஏதாவது சர்வர் விழுந்தால் மறுநாள் எல்லோரும் உட்கார்ந்து ரூட் காஸ் தேடுவோம். மூல காரணம் வேறு டீமிடம் இருக்கிறது என்று தெரிந்ததும் அறையில் ஒரு பெருமூச்சு கேட்கும். ‘அப்பாடா, நாம இல்ல.’ ஆனால் காரணம் தெரிந்துவிட்டதால் நம் கையால் ஆன சேதம் இல்லாமல் போவதில்லை. சிறகை அறுத்தவன் ஸ்டெஃபன். சாபம் விழுந்ததோ தொட்டிலில் கிடந்த அவன் குழந்தைமேல். அரோராவுக்கும் அந்தச் சிறகுக்கும் என்ன சம்பந்தம்?

படம் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கவில்லை. சாபத்தில் ஒரே ஒரு விதிவிலக்கு வைக்கிறாள் மலெஃபிசன்ட்: உண்மைக் காதலின் முத்தம் கிடைத்தால் இளவரசி கண்விழிப்பாள். ஸ்டெஃபன் தனக்குச் சொன்ன பொய்யையே அவன் முகத்தில் திருப்பி வீசுகிறாள். உலகின் எந்தச் சக்தியாலும் இதை மாற்ற முடியாது என்றும் சேர்த்துவிடுகிறாள். பின்னால் அந்தப் பெண் வளர்வதைத் தூரத்தில் நின்று பார்த்து மனசு இளகியதும், ஒரு ராத்திரி சாபத்தைத் திரும்பப் பெற முயல்கிறாள். முடியவில்லை. எந்தச் சக்தியாலும் முடியாது என்றால் அவளாலும் முடியாது. தான் எழுதிய நிரலைத் தானே திருத்த முடியாதபடி பூட்டிவிட்டவளின் நிலைமை. எனக்குப் படத்தின் உச்சம் இந்தக் காட்சிதான். கடைசியில் வரும் டிராகன் சண்டை அல்ல. அவளுக்குக் காயம் இருந்தது, காரணமும் இருந்தது. இரண்டும் அந்த ராத்திரி அவளுக்கு உதவவில்லை.

அடுத்து இளவரசனின் முத்தம் பலிப்பதில்லை. தூங்கும் பெண்ணின் அருகே நின்று, தான் செய்தது மன்னிக்க முடியாதது, அதனால் மன்னிப்பு கேட்கப்போவதில்லை என்கிறாள் மலெஃபிசன்ட். நெற்றியில் முத்தமிடுகிறாள். அரோரா விழிக்கிறாள். படம் முடியும்போதுதான் தெரிகிறது, ஆரம்பத்திலிருந்து நமக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்த குரல் அரோராவுடையது. இது வில்லி தன் தரப்பைச் சொன்ன கதையே அல்ல. சாபம் வாங்கியவள் சொன்னது. மலெஃபிசன்டே வந்து ‘எனக்கு இப்படியெல்லாம் நடந்தது’ என்று சொல்லியிருந்தால் அது வக்காலத்து. அரோரா சொல்வதால் அது சாட்சியம் ஆகிறது.

ஆனால் இந்த நியாயம் ஓர் ஆளோடு நின்றுவிடுகிறது. கத்தியை ஓங்கிய கை தயங்கிய அந்த ஒரு கணத்தில் ஸ்டெஃபனுக்குள்ளும் ஒரு கதை இருந்தது. படம் அதைத் தொடரவில்லை. கண்ணாடிப் பேழையில் வைத்த சிறகுகளோடு பேசிக்கொண்டிருக்கும் பைத்தியமாக்கி, கடைசியில் கோபுரத்திலிருந்து விழவைக்கிறது. குழந்தையைப் பிரிந்த அரசியோ திரைக்கு வெளியே, ஒரு வசனத்தில் செத்துப்போகிறாள். வில்லியை மீட்பதற்கு இன்னொரு வில்லன் தேவைப்பட்டிருக்கிறான். 1959இல் மலெஃபிசன்ட் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் 2014இல் ஸ்டெஃபன் உட்கார்ந்திருக்கிறார். நாற்காலி அப்படியேதான் இருக்கிறது.

அரோரா தன்னைச் சபித்தவளைப் புரிந்துகொண்டு அவள் கதையைச் சொன்னாள். அப்பாவின் கதையையும் அவளால் அதே பொறுமையோடு சொல்லியிருக்க முடியும். அவரை மன்னிக்க வேண்டியதில்லை. அவர் கை ஏன் தயங்கியது, தயங்கிய பிறகும் ஏன் அறுத்தது என்று கேட்டிருந்தாலே போதும்.