மூன்றாவது பறவை

ஆல்டோ லியோபோல்டு எழுதிய 'எ ஸாண்ட் கௌண்டி ஆல்மனாக்' என்ற ஆங்கிலப் புத்தகத்தைப் படித்தவர்கள் பெரும்பாலும் அதைப் புகழ்ந்துதான் பேசுகிறார்கள். மண்ணும் நீரும் மரமும் மிருகமும் மனிதனோடு சேர்ந்து ஒரே சமூகம் என்று சொன்ன மகான் என்கிறார்கள். அவர் அப்படிச் சொன்னது உண்மை. ஆனால் புகழ்கிறவர்களில் பலர் ஒரு விஷயத்தை நாசூக்காக விட்டுவிடுகிறார்கள். அந்தப் புத்தகத்தில் ஒரு துப்பாக்கி இருக்கிறது. எழுதியவர் வேட்டைக்காரர், அயோவா மாகாணத்தில் பால்யத்திலேயே வேட்டைக்குப் போகக் கற்றுக்கொண்டவர், பேராசிரியரான பின்னும் அந்த ஆசையை விடாதவர். துப்பாக்கியை எடுத்துவிட்டுப் படித்தால் கிடைப்பது ஒரு நல்ல உபதேசம். துப்பாக்கியோடு சேர்த்துப் படித்தால்தான் அது இலக்கியம் என்பது என் கட்சி.

லியோபோல்டு பிறந்தது 1887-இல். காட்டிலாகாவில் உத்தியோகம் பார்த்தார். 1933-இல் வேட்டைப் பிராணிகளின் பராமரிப்பு பற்றி ஒரு பாடப் புத்தகம் எழுதினார். அதே வருஷம் விஸ்கான்ஸின் பல்கலைக் கழகத்தில் ஆசிரியரானார். 1935-இல் சாரமிழந்துபோன பண்ணை ஒன்றை வாங்கி, அங்கே இருந்த கோழிக் கொட்டகையைச் செப்பனிட்டு, வாரக் கடைசிகளில் குடும்பத்தோடு போய்த் தங்கினார். 1948 ஏப்ரலில் பக்கத்துப் பண்ணையில் பற்றிய புல் தீயை அணைக்கப் போன இடத்தில் மாரடைப்பால் இறந்தார். புத்தகம் மறு வருஷம் வெளிவந்தது. அதன் முதல் பகுதி ஜனவரியிலிருந்து டிசம்பர் வரைக்கும் அந்தப் பண்ணையின் ஒரு வருஷத்தைச் சொல்கிறது.

இந்த மாதக் கணக்கை ரசிக்க வேண்டுமானால் சர்க்கார் எழுதிய வேறொரு மாதக் கணக்கையும் தெரிந்துகொள்ள வேண்டும். வலசை போகும் பறவைகளை எப்போது சுடலாம், எப்போது தொடக் கூடாது என்கிற கணக்கு அது. வானத்தை மறைத்துக் கோடிக்கணக்கில் பறந்த பயணிப் புறா இனத்தின் கடைசிப் பறவை, 1914 செப்டம்பர் 1-ஆம் தேதி, ஸின்ஸினாட்டி மிருகக் காட்சிசாலைக் கூண்டில் செத்தது. 1916-இல் கனடாவுக்காகப் பிரிட்டனும் ஐக்கிய அமெரிக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. 1918-இல் அது அமெரிக்காவில் சட்டமாயிற்று. பொதுவாக மார்ச் 10 முதல் செப்டம்பர் 1 வரை வேட்டைப் பறவைகளுக்கு அபயம். மற்ற காலத்திலும் வேட்டைப் பருவம் மூன்றரை மாதத்துக்கு மேல் நீளக் கூடாது என்பது ஒப்பந்தம். தன் எல்லைக்குள் வந்த பறவை தன் சொத்து என்று மிஸ்ஸௌரி மாகாணம் வழக்காடியது. 1920-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஹோம்ஸ் அதைத் தள்ளிவிட்டார். நேற்று இங்கே இல்லாமல், நாளை வேறு மாகாணத்துக்குப் போய், ஒரு வாரத்தில் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கக்கூடிய ஜீவனை எவரும் சொத்தாகக் கொண்டாட முடியாது என்பது அவர் தீர்ப்பின் சாரம்.

நான் சட்டம் படித்தவன் அல்லன். ஆனாலும் கதை எழுதுகிறவனுக்கு இந்த விதிகள் மிகவும் சுவாரசியமானவை. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் அதை அவசியமாக்கிய ஓர் ஆசாமி நிற்கிறான். துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் இடம் இருக்கக் கூடாது என்றால், அதற்கு மேல் அடைத்துக்கொண்டு கூட்டத்தையே சரித்தவன் ஒருவன் இருந்தான் என்று அர்த்தம். உயிருள்ள வாத்தைக் கட்டிப்போட்டுக் கத்தவிட்டு மற்ற வாத்துக்களை ஏமாற்றுவதும், தானியம் இறைத்து இறங்கவைப்பதும் 1935-இல் தடுக்கப்பட்டன. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார்ப் படகிலிருந்து சுடக் கூடாது. சூரியோதயத்துக்கு அரை மணிக்கு முன்னால் தொடங்கலாம். அஸ்தமனத்தோடு நிறுத்திவிட வேண்டும். விழுந்த பறவையைத் தேடி எடுக்காமல் போகக் கூடாது. பதினாறு வயது நிரம்பியவன் நீர்ப்பறவை வேட்டைக்குப் போவதானால், தபால்தலை மாதிரி ஒரு வில்லை வாங்கிக்கொள்ள வேண்டும். 1934-இல் அதன் விலை 1 டாலர். இப்போது 25 டாலர். அந்தப் பணத்தில் பெரும்பகுதி சதுப்பு நிலங்களை வாங்கிக் காப்பாற்றப் போகிறது. வேட்டைக்காரனைத் திட்டப் புறப்படுகிறவர்கள் இதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நியாயம்.

ஆனால் விடியற்காலைப் பனியில் நாணலுக்கு நடுவே ஒளிந்திருப்பவனை யார் பார்க்கிறார்கள்? மற்ற விளையாட்டுக்களில் கைதட்டவும் ஏசவும் கூட்டம் உண்டு. வேட்டைக்காரனுக்கு அவன் மனசாட்சியைத் தவிரப் பார்வையாளர் இல்லை என்ற கருத்தை லியோபோல்டே இந்தப் புத்தகத்தில் எடுத்துச் சொல்கிறார். சட்டம் முடியும் இடம் அது. அவருடைய எழுத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஏப்ரல் மாதத்துக் கட்டுரை ஒன்றைப் பாருங்கள். வுட்காக் என்ற பறவையைப் பற்றியது. நம் வயல்களில் குளிர்காலத்தில் வந்திறங்கும் உள்ளானுக்கு அது உறவு. நீண்ட அலகு, காய்ந்த சருகின் நிறம். வசந்த காலத்துச் சாயங்காலங்களில் ஆண் பறவை ஒரு வெட்டவெளியில் வந்து இறங்கும். கொஞ்ச நேரம் முனகிவிட்டு, வட்டமிட்டு வட்டமிட்டு மேலே ஏறும். கண்ணுக்கு ஒரு புள்ளியாகிப் பாடும். பிறகு அறுந்த பட்டம் போலச் சரிந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். வெளிச்சம் எந்த அளவுக்கு மங்கினால் ஆட்டம் தொடங்குகிறது என்பதைக்கூட லியோபோல்டு அளந்து எழுதுகிறார். கடைசியில், அக்டோபரில் இந்தப் பறவையை வேட்டையாடுவதில் தம்மை மிஞ்சிய ஆசைக்காரர் இல்லை என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டு, நடனத்தைக் கண்டபின் ஒன்றிரண்டு பறவையே போதும் என்று தோன்றுவதாகவும் சொல்கிறார்.

இன்றைய மத்திய சர்க்கார் விதிப்படி இந்தப் பறவைக்கு வேட்டைப் பருவம் அதிகபட்சம் 45 நாள். ஒருவர் ஒரு நாளில் 3 பறவைகள் சுடலாம். இந்த 3 என்ற எண்ணை நிபுணர்கள் கணக்கெடுத்து நிர்ணயித்தார்கள். லியோபோல்டின் ஒன்றிரண்டு என்ற எண்ணோ, சாயங்கால வேளையில் புதர் மறைவில் உட்கார்ந்து பார்த்ததால் வந்தது. இன்றைய கணக்கில் சொன்னால், சட்டம் கொடுத்த மூன்றாவது பறவையை அவர் வேண்டாம் என்று விட்டுவிடுகிறார். பாவம், புண்ணியம் என்ற பேச்சே இல்லை. அந்தப் பறவையை விடுவதற்கு எந்த இன்ஸ்பெக்டரும் அவரை நிர்ப்பந்திக்க முடியாது. எந்த வாசகனும் அதை மறக்கவும் முடியாது.

மார்ச் மாதத்துக் கட்டுரை இதையும்விட உயர்ந்தது. என் ஆட்சேபமும் அங்கேதான். நவம்பரில் தெற்கே போகும் காட்டு வாத்துக்கள் துப்பாக்கிகளை அறிந்து, அதிகம் குரல் கொடுக்காமல் உயரத்தில் போய்விடுகின்றன. மார்ச்சில் திரும்பும்போதோ தாழப் பறந்து, ஊரைக் கூட்டி, ஒவ்வொரு சதுப்பையும் விசாரித்துக்கொண்டு வருகின்றன. அவற்றுக்கு மாகாணத்துச் சட்டம் தெரிந்திருக்கிறது என்று லியோபோல்டு வேடிக்கையாகச் சொல்கிறார். பிறகு எண்ணத் தொடங்குகிறார். கூட்டங்களில் ஆறும் ஆறின் மடங்குகளும் அடிக்கடி வருகின்றன. கூட்டம் என்பது குடும்பம், அல்லது பல குடும்பங்களின் சேர்க்கை. அப்படியானால் வசந்தத்தில் தனியாகக் கூவிக்கொண்டு அலையும் வாத்து எது? குளிர்கால வேட்டையில் உறவைப் பறிகொடுத்துவிட்டுத் தேடுகிற வாத்து. கூட்டல் கணக்காகத் தொடங்கியது துக்கத்தில் வந்து நிற்கிறது. இந்த இரண்டு பக்கங்களுக்காக எத்தனையோ சிறுகதைத் தொகுதிகளை விட்டுக்கொடுக்கலாம்.

சரி, இதை அறிந்துகொண்ட மனிதர் அடுத்த நவம்பரில் என்ன செய்தார்? நவம்பர் மாதத்துப் பக்கங்களைத் திருப்புகிறோம். காற்று இருக்கிறது, கோடாலி இருக்கிறது, மரங்களுக்கு வந்த நோயால் விளைந்த நன்மை இருக்கிறது. வாத்தை நோக்கி உயர்ந்த துப்பாக்கி மட்டும் இல்லை. வாத்து வேட்டையைப் பற்றி அவர் பேசாதவர் அல்லர். இறந்த பின் 1953-இல் வந்த 'ரவுண்ட் ரிவர்' தொகுதியில் அந்தப் பேச்சு இருக்கிறது. ஆனால் பண்ணையின் இந்த ஒரு வருஷத்தில், தனித்துப்போன வாத்தும் அதைத் தனியாக்கிய மனிதனும் நேருக்கு நேர் சந்திக்கவில்லை. வேட்டையின் துக்கம் வேறு யாரோ செய்த காரியத்தின் துக்கமாக நின்றுவிடுகிறது. ஒரு நாவலாசிரியன் தன் கதாநாயகனை இப்படித் தப்பவிட்டால் நாம் சும்மா இருப்போமா? அவருக்கு அந்தச் சக்தி இல்லை என்று சொல்லவும் வழியில்லை. இதே புத்தகத்தில், இளம் வயதில் தாம் பங்குகொண்டு சுட்ட பெண் ஓநாயின் கண்களில் ஒளி அணைவதைப் பார்த்ததை அவரே எழுதியிருக்கிறார். ஓநாய்க்குக் கொடுத்த மரியாதையை வாத்துக்கும் கொடுத்திருக்கலாம்.

துர்கேனிவ் 1852-இல் வெளியிட்ட 'வேட்டைக்காரன் குறிப்புக'ளில் இந்தப் பிரச்னை எழவில்லை. அங்கே துப்பாக்கி, பண்ணையடிமையின் குடிசைக்குள் நுழைய ஒரு சாக்கு. பறவை விழுந்ததும் கதை மனிதனிடம் போய்விடுகிறது. லியோபோல்டு பறவையையே பாத்திரமாக்கிவிட்டார். பாத்திரமாக்கிய பிறகு பதில் சொல்லாமல் நகர முடியாது.

கொல்லாமையை அறமாகக் கேட்டு வளர்ந்த நம் வாசகர், ஒன்றா இரண்டா என்று எண்ணுவதற்குப் பதில் சுடாமலே இருந்துவிடலாமே என்பார். நம் தேசத்தில் 1972-ஆம் வருஷத்து வன உயிர்ச் சட்டத்துக்குப் பின் பறவை வேட்டைப் பருவம் என்ற பேச்சுக்கே அநேகமாக இடமில்லை. சந்தோஷந்தான். ஆனால் பள்ளிக்கரணைச் சதுப்பைச் சுருக்கியவர்கள் கையில் துப்பாக்கி இல்லை. வடக்கேயிருந்து அங்கே வந்திறங்கும் பறவைகளில் ஒன்றையும் அவர்கள் சுட்டதில்லை. எண்ணத் தெரிந்த வேட்டைக்காரனைவிட, எண்ணவே தெரியாத உத்தமன் பறவைக்கு எந்த விதத்தில் நல்லவன்?

சட்டத்தின் எண்ணிக்கையும் பூரணமானதல்ல. அமெரிக்காவில் பையில் விழுந்த வாத்துக்களை எண்ணிக்கொண்டிருந்த காலத்தில், குறி தப்பிச் சேற்றில் விழுந்த ஈயக் குண்டுகளை இரையோடு விழுங்கி வேறு வாத்துக்கள் செத்துக்கொண்டிருந்தன. நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டு நாடு முழுவதும் தடையானது 1991-இல்தான். பார்க்கக் கற்றுக்கொண்ட பிறகே விதி வருகிறது. பார்க்கக் கற்றுக்கொடுக்கும் காரியத்தை இந்தப் புத்தகம் செய்கிறது.

ஆகவே இதைப் படிக்க நினைக்கும் வாசகர்களுக்கு என் யோசனை: எல்லோரும் மேற்கோள் காட்டுகிற கடைசிப் பகுதியில் தொடங்க வேண்டாம். அங்கே பேசுவது பேராசிரியர். மார்ச்சையும் ஏப்ரலையும் முதலில் படியுங்கள். பிறகு அக்டோபருக்கும் நவம்பருக்கும் போங்கள். எழுதாமல் விட்ட இடமும் அப்போது உங்கள் கண்ணில் படும்.