‘உமது’ என்னும் சொல்
தெலேமா கொள்கை குறித்து ஒரு திறனாய்வு

தெலேமா என்னும் கிரேக்கச் சொல்லின் ஒலி நமக்குப் புதிதாயிருக்கலாம். அதன் பொருளோ நாம் நாள்தோறும் நாவில் ஏற்பதுதான். ஆண்டவர் கற்பித்த செபத்தில் தந்தையின் திருவுளம் நிறைவேற வேண்டுமென மன்றாடுகிறோம். ‘திருவுளம்’ என நாம் சொல்லுமிடத்தில் மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் நிற்பது ‘தெலேமா’ (மத் 6:10). பழைய செபப் புத்தகங்களில் பழகியவர்கள் அதைச் ‘சித்தம்’ என்பார்கள். கெத்சமனித் தோட்டத்தில் இயேசு தந்தையிடம் மன்றாடிய வேளையிலும் லூக்கா இச்சொல்லையே எழுதுகிறார் (லூக் 22:42).

இதே சொல்லைப் பெயராகக் கொண்டு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு புதிய சமயம் தோன்றியது. அதைத் தோற்றுவித்தவர் அலிஸ்டர் குரோலி (1875–1947) என்னும் ஆங்கிலேயர். ஓசூருக்கும் பெங்களூருக்கும் படிப்புக்காகவும் வேலைக்காகவும் செல்லும் நம் இளைஞர் சிலர் அதைப் பற்றிக் கைப்பேசியில் படித்துவிட்டு, ஊர் திரும்பும்போது நம்மிடம் கேட்கிறார்கள். ‘அது சாத்தான் வழிபாடு’ என்று ஒரே சொல்லில் விடை கூறி அனுப்பிவிடலாம். அது எளிது, ஆனால் நேர்மையன்று. ஒரு கொள்கையை மறுக்க விரும்புவோர் முதலில் அதன் சிறந்த வடிவத்தில் அதைப் புரிந்துகொள்ளக் கடமைப்பட்டவர்கள்.

அதன் போதனை

1904-ஆம் ஆண்டு ஏப்ரல் 8, 9, 10 ஆகிய மூன்று நாள்களில், எகிப்தின் கெய்ரோ நகரில், ‘ஐவாஸ்’ என்னும் காணா உருவம் தமக்குச் சொல்லச் சொல்ல எழுதியதாகக் குரோலி ஒரு சிறு நூலை வெளியிட்டார். ‘சட்ட நூல்’ எனப்படும் அதில் மூன்று அதிகாரங்கள் உள்ளன. அவரவர் சித்தப்படி செய்வதே முழுச் சட்டமும் என்பது அதன் மையக் கருத்து.

மேலோட்டமாகக் கேட்பவர்க்கு இது மனம்போன போக்கில் வாழ்வதற்குத் தரப்பட்ட உரிமையாகத் தோன்றும். குரோலி அவ்வாறு பொருள் கொள்ளலாகாது என்று மீண்டும் மீண்டும் எழுதினார். அவர் பேசியது ‘உண்மைச் சித்தம்’ பற்றி. நமது அன்றாட ஆசைகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நம்மைச் சிதறடிக்கின்றன. அவற்றின் அடியில் ஒவ்வொருவருக்கும் உரிய ஒரே நோக்கம் ஒன்றுண்டு. அதைக் கண்டறிந்து அதற்கு மட்டும் உழைப்பதே வாழ்வு. விண்மீன்கள் தத்தம் பாதையில் மோதாமல் செல்வது போல, உண்மைச் சித்தத்தைக் கண்டவர்களும் மோதிக்கொள்ளமாட்டார்கள் என்றார். இதற்குக் கடுமையான மனப்பயிற்சிகளையும் வகுத்தார். அழைத்தல் பற்றிக் குருமடத்தில் நாங்கள் கேட்ட உரைகளில் சிலவற்றை இது எனக்கு நினைவூட்டுகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. இன்றும் பல நாடுகளில் அக்கொள்கையைப் பின்பற்றுவோர் உள்ளனர். 1913-இல் குரோலி இயற்றிய ‘ஞானத் திருப்பலி’ என்னும் சடங்கையும் அவர்களில் சிலர் நிறைவேற்றிவருகின்றனர். அவர்களைப் பழிப்பது நம் நோக்கமன்று.

ஒரு தமிழர் இல்லம்

குரோலியின் மனப்பயிற்சிகளுக்கு ஒரு தமிழ்த் தொடர்புண்டு. அவருடைய நண்பரும் ஆசானுமாகிய ஆலன் பென்னட் என்பவர் இலங்கைக்கு வந்து, அந்நாட்டின் சொலிசிட்டர் ஜெனரலாயிருந்த சர் பொன்னம்பலம் இராமநாதனின் (1851–1930) இல்லத்தில் அவர்தம் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தார். சைவராகிய இராமநாதனிடம் பென்னட் யோகம் கற்றார். 1901-இல் குரோலி இலங்கைக்கு வந்தபோது, கண்டியில் ஒரு வீட்டில் இருவரும் தங்கி அப்பயிற்சிகளைச் செய்தனர். பின்னர்க் குரோலி தென்னிந்தியா வந்து மதுரையையும் கண்டார். பென்னட் பர்மா சென்று ‘ஆனந்த மெத்தேய்ய’ என்னும் பெயரில் புத்தத் துறவியானார்.

இதே இராமநாதன் நம் நற்செய்தி நூல்களை ஆழ்ந்து கற்று, ஸ்ரீ பரானந்தா என்னும் பெயரில் மத்தேயு நற்செய்திக்கு 1898-இலும், யோவான் நற்செய்திக்கு 1902-இலும் ஆங்கிலத்தில் விளக்கவுரை எழுதினார். அவ்விளக்கங்கள் எல்லாவற்றையும் கத்தோலிக்கர் ஏற்க இயலாது. ஆயினும் ஒரு சைவர் யோக அனுபவத்தின் துணைகொண்டு கிறிஸ்துவின் சொற்கள்முன் அமர்ந்தார் என்பது போற்றத்தக்கது. தற்போதம் கரைந்து இறைவனில் ஒடுங்குவதே சைவத்தின் முடிவு என்பதை நம் அயலாரிடமிருந்து நாமும் கேட்டிருக்கிறோம்.

அவ்வில்லத்து யோகத்தைப் பென்னட் வழியாகக் கற்றவர் அதில் எதை எடுத்தார், எதை விட்டார் என்பதுதான் கேள்வி. பதஞ்சலி முனிவரின் யோகத்தில் நியமங்கள் ஐந்து. அவற்றுள் ஒன்று ஈசுவரப் பிரணிதானம், அதாவது இறைவனிடம் தன்னை ஒப்படைத்தல். கொல்லாமை, பொய்யாமை முதலிய இயமங்களோ அதற்கும் முற்பட்ட படி. குரோலி தம் யோக நூலில் இயம நியமங்களை மனம் கலங்காமலிருப்பதற்கான வசதிகளாகவே கருதுகிறார். எந்த ஒழுக்கம் தன் மனத்தைக் குறைவாகக் கலக்குமோ அதை ஒவ்வொருவரும் தாமே தெரிந்துகொள்ளட்டும் என்கிறார். கோயிலுக்குச் செல்லும் வழியைக் கற்றுக்கொண்டு, கருவறையில் இருப்பவரை மட்டும் விட்டுவிட்டதைப் போன்றது இது. ஆற்றல் கிடைத்தது, அந்த ஆற்றல் யார்முன் பணிய வேண்டும் என்பது விடுபட்டது.

அன்பு எங்கே நிற்கிறது?

கிரேக்க எழுத்துகளுக்கு எண்மதிப்பு உண்டு. அதன்படி கூட்டினால் ‘தெலேமா’ என்னும் சொல்லுக்கு 93. அன்பைக் குறிக்கும் ‘அகாப்பே’ என்னும் சொல்லுக்கும் 93. குரோலி இதைப் பெரிதும் கொண்டாடினார். அன்புக்கு அவர் சமயத்தில் இடமுண்டு. ஆனால் அந்த அன்பை அவர் சித்தத்தின் கீழே வைத்தார்.

புனித அகுஸ்தீனும் யோவானின் முதல் திருமுகத்துக்கு ஆற்றிய மறையுரையொன்றில் விரும்பியதைச் செய்யலாம் என்று உரிமை தருகிறார். ஆனால் அதற்கு முன் அன்பு செய்ய வேண்டும் என்று கட்டளையிடுகிறார். அன்பு வேராயிருந்தால் அதிலிருந்து தீமை முளைக்காது என்பது அவர் துணிபு. இரண்டு ஆசிரியர்களும் ஏறத்தாழ ஒரே சொற்களைக் கையாள்கிறார்கள். மேலே நிற்பது எது, கீழே நிற்பது எது என்பதில்தான் வேறுபடுகிறார்கள்.

அவ்வேறுபாட்டின் விளைவைச் சட்ட நூலின் இரண்டாம் அதிகாரத்தில் காணலாம். தள்ளப்பட்டோர்மீதும் வலுவற்றோர்மீதும் இரக்கம் கொள்வதை அது இகழ்கிறது. வலியவர்களின் மகிழ்ச்சியைப் பாடுகிறது. பின்வந்தோர் அவ்வரிகளுக்கு உட்பொருள் பல கூறி மென்மைப்படுத்துவர். நான் மலைப்பொழிவை வாசித்து வளர்ந்தவன். எனக்கு அவ்விளக்கங்கள் போதவில்லை.

குரோலிக்கு முன்னரே ‘தெலேம்’ என்னும் பெயரில் ஒரு மடத்தைக் கற்பனை செய்தவர் பிரெஞ்சு எழுத்தாளர் ரபெலே. பிரான்சிஸ்கு சபையிலும் பின்னர்ப் பெனெடிக்டு சபையிலும் துறவியாயிருந்தவர் அவர். ‘கர்கான்துவா’ என்னும் அவரது நூலில் (1534) வரும் அம்மடத்துக்கு மதில் இல்லை, மணியடித்து நேரம் காட்டும் வழக்கமில்லை; விரும்பியதைச் செய் என்பதொன்றே ஒழுங்கு. துறவு மடங்களின் குறைகளை நகைத்த நூல் அது. நாமும் நகைத்துத் திருந்தலாம். ஆனால் அங்கே நுழைவோர் நற்குடிப் பிறந்தோரும் அழகுடையோரும் மட்டுமே. அவர்களுக்கு ஆடை அணிகலன்கள் செய்ய மடத்தின் அருகே நீண்ட கட்டடம் ஒன்றில் பொற்கொல்லர்களும் தையற்காரர்களும் நெசவாளர்களும் குடியிருந்து உழைக்கிறார்கள். அவர்களது சித்தம் என்ன என்று நூல் கேட்பதில்லை. தொழிற்பேட்டைக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஊரில் இருந்துகொண்டு வாசிக்கும்போது, அந்த நீண்ட கட்டடத்தைக் கடந்து மடத்துக்குள் செல்ல மனம் வரவில்லை.

குரோலி 1920-இல் சிசிலித் தீவின் செஃபாலு என்னும் ஊரில் தம் ‘தெலேமா மடத்தை’ அமைத்தார். 1923-இல் அங்கு ரவுல் லவ்டே என்னும் இளைஞர் நோயுற்று இறந்தார். அவ்வாண்டே இத்தாலிய அரசு குரோலியை வெளியேற்றியது. மூன்றாண்டுகளில் முடிந்தது அம்மடத்தின் கதை.

நம்மை நோக்கி ஒரு கேள்வி

இத்துடன் கட்டுரையை முடித்தால் நாம் வென்றுவிட்டதாகத் தோன்றும். ஆனால் என்னை உறுத்தும் நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லாமல் முடிக்க இயலவில்லை.

கல்லாவிப் பகுதியிலிருந்து ஓசூர்ப் பக்கம் வேலைக்குச் சென்று, அறை எடுத்துத் தங்கி, வாரம் ஒருமுறை வீடு திரும்பும் இளைஞர் பலர். அவர்களுள் ஒருவர் ஒரு பட்டறையில் பிரஸ் மெஷினில் இரு விரல்களை இழந்தார். நான் பார்க்கச் சென்றேன். அவருடைய தாய் அழுதுகொண்டிருந்தார். என்ன சொல்வதென்று அறியாமல், “எல்லாம் ஆண்டவர் சித்தம், மனசைத் தேத்திக்குங்கம்மா” என்றேன். கட்டுப் போட்ட கையுடன் படுத்திருந்தவர் என் பக்கம் திரும்பினார்.

“சாமி, கை மாட்டாம இருக்க அந்த மெஷின்ல ஒரு தடுப்பு இருந்துச்சு. வேலை வேகமா ஓடணும்னு அதைக் கழட்டிட்டாங்க. கழட்டுனது யாரு சித்தம் சாமி?”

நான் பதில் சொல்லவில்லை. பதில் எனக்குத் தெரியாமலில்லை; அதைச் சொல்லும் துணிவு அப்போது எனக்கில்லை.

மனிதருடைய பேராசைக்கு இறைவனின் கையொப்பத்தை நான் வாங்கித் தந்திருந்தேன். பெண்ணின் விருப்பத்தைக் கேளாமல் மணம் பேசும் வீட்டிலும், மகனின் அழைத்தலை அவனுக்குப் பதிலாகத் தீர்மானிக்கும் வீட்டிலும், பங்குப் பேரவையில் மாற்றுக் கருத்தை அடக்கும்போதும் இதே கையொப்பத்தை நாம் பயன்படுத்துவதில்லையா? குரோலி பிறந்தது கண்டிப்பான ‘பிளிமத் சகோதரர்’ சபையைச் சேர்ந்த வீடு. தந்தை போதகர். அச்சபையாரின் பள்ளியொன்றில் தாம் பட்ட கொடுமைகளைக் குரோலி பின்னாளில் தன்வரலாற்றில் எழுதினார். இறைவனின் சித்தம் என்னும் பெயரில் பெரியவர்களின் சித்தமே தன்மேல் இறங்கக் கண்ட சிறுவன், வளர்ந்தபின் தன் சித்தமே சட்டம் என்றதில் வியப்பென்ன? அவர் செய்த தவறுகளுக்கு இது மன்னிப்பாகாது. நமக்கு இது எச்சரிக்கையாகும்.

திருச்சபையின் விடை

தெலேமா என்னும் இச்சொல்லின்பொருட்டே திருச்சபை ஒருகாலத்தில் இரத்தம் சிந்தியது. 7-ஆம் நூற்றாண்டில், கிறிஸ்துவுக்கு ஒரே சித்தம்தான், அது இறைச்சித்தமே என்னும் கொள்கை பரவியது. கிரேக்கத்தில் ‘ஒன்று’ என்னும் சொல்லையும் தெலேமாவின் வேர்ச்சொல்லையும் சேர்த்து அதற்கு ‘மோனோதெலித்தம்’ எனப் பெயர். நாட்டின் ஒற்றுமைக்கு உதவும் என்று பேரரசர்கள் அதை ஆதரித்தனர். திருத்தந்தை முதலாம் மார்ட்டின் அதை எதிர்த்து, நாடு கடத்தப்பட்டு 655-இல் இறந்தார். புனித மாக்சிமுஸ் என்னும் துறவி எதிர்த்தார். 662-இல் அவருடைய நாவும் வலக்கையும் வெட்டப்பட்டன. அவ்வாண்டே அவரும் மரித்தார். 680–681-இல் கூடிய கான்ஸ்தாந்தினோப்பிள் மூன்றாம் பொதுச்சங்கம் அவர் கொள்கையே மெய்யென ஏற்றது: கிறிஸ்துவுக்கு இறைச்சித்தமும் உண்டு, மெய்யான மனிதச் சித்தமும் உண்டு, மனிதச் சித்தம் இறைச்சித்தத்தோடு முரண்படாது அதற்கு மனமுவந்து இசைகிறது.

குருமடத்தில் தேர்வுக்காக மனனம் செய்த இப்பகுதியின் பொருள் அந்த மருத்துவமனைக் கட்டிலருகேதான் எனக்கு விளங்கத் தொடங்கியது. மனிதச் சித்தத்தை அழித்துவிட்டு அங்கே இறைச்சித்தத்தை நாட்டுவது கிறிஸ்தவமன்று. அவ்வாறு நாட்ட முயன்றவர்களைத்தான் திருச்சபை மறுத்தது. கெத்சமனியில் இயேசு துன்பக் கிண்ணம் அகலவேண்டுமென்று உண்மையாகவே விரும்பினார்; அதை மறைக்காமல் தந்தையிடம் சொன்னார்; சொன்னபின் இசைந்தார். யாரும் அவரை ஊமையாக்கவில்லை.

ஆகவே தெலேமா கொள்கையினரிடம் மனிதச் சித்தம் மதிப்பற்றது என்று நாம் சொல்லலாகாது. அது மதிப்புடையது என்பதற்காக ஒரு புனிதர் தம் நாவை இழந்திருக்கிறார். நாம் அவர்களிடம் கேட்க வேண்டியது வேறு: உண்மைச் சித்தத்தைக் கண்டுவிட்டதாக ஒருவர் சொல்லும்போது, அதை யாரிடம் சொல்லிப் பார்க்கிறார்? தன்னையன்றிக் கேட்பார் இல்லாத சித்தம் தன் பிழையை எவ்வாறு அறியும்? நம் செபத்தில் திருவுளம் என்னும் சொல்லுக்கு முன் ‘உமது’ என்றொரு சொல் உண்டு. அது நம்மை ஒருவர் முன்னால் நிறுத்துகிறது. அவர் நம்மைக் கேட்கிறார், நம்மிடமும் கேட்கிறார். குரோலியின் சட்டத்தில் இல்லாமற்போனது அந்தச் சொல். நாங்கள் மருத்துவமனையில் பொய்யாகப் பயன்படுத்துவதும் அதே சொல்லே. இரண்டில் எது பெரிய பாவம் என்று தீர்ப்பிட நான் துணியேன்.

மறுமுறை அந்த இளைஞர் வீட்டுக்குச் சென்றபோது நான் சித்தத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. முதலில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு இழப்பீட்டுக்கான விண்ணப்பத்தை இருவரும் உட்கார்ந்து எழுதினோம். தடுப்பைக் கழற்றிய செய்தியையும் அதில் எழுதினோம். அவருடைய தாய் தேநீர் கொண்டுவந்தார். புறப்படுமுன் மூவரும் ஆண்டவர் கற்பித்த செபத்தைச் சொன்னோம். திருவுளத்துக்கு அடுத்த மன்றாட்டு அன்றாட உணவுக்கானது என்பதை அன்று நான் சற்று நிதானமாகவே சொன்னேன்.