மாற்றியது கையா, நிரலா?

பில் போடும் மென்பொருளில் இரண்டு பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்றில் வரி சேராத விலை, மற்றதில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்த விலை. எதில் எழுதினாலும் மற்றது தானாக நிரம்ப வேண்டும். கடைக்காரர் வரி சேர்ந்த விலையில் 100 என்று அடிக்கிறார். நிரல் அதை 1.18 ஆல் வகுத்து, பைசாவுக்கு முழுமையாக்கி, பக்கத்துப் பெட்டியில் 84.75 என்று எழுதுகிறது. அங்கே உள்ளடக்கம் மாறியதால் அந்தப் பெட்டியும் தன் பங்குக்கு ஒரு ஈவென்டைக் கிளப்புகிறது. அதற்கான ஹேண்ட்லர் 84.75ஐ 1.18 ஆல் பெருக்குகிறது. விடை 100.005. அரைப் பைசாவை மேலே ஏற்றி, கடைக்காரர் எழுதிய இடத்தில் 100.01 என்று போடுகிறது. மறுபடி வகுத்தால் அதே 84.75 வருவதால் ஓட்டம் அங்கே நின்றுவிடும். நிரல் உறையவில்லை, பிழைச்செய்தியும் இல்லை. ஆனால் அவர் எழுதிய தொகை அவர் கண்ணெதிரே மாறிவிட்டது.

இணைந்த பெட்டிகள் என்றதும் நிரலர்கள் அஞ்சுவது முடிவில்லாச் சுழலுக்குத்தான். சுழல் முதல் சோதனையிலேயே அகப்பட்டுவிடும். இந்த ஒரு பைசா அகப்படாது, வாடிக்கையாளரின் ரசீது வரைக்கும் போய்விடும். எனவே பெட்டிகளை இணைக்கும் இந்த மரபின் பள்ளிகளை நான் ஒரே கேள்வியால் எடைபோடுகிறேன்: பெட்டியை மாற்றியது மனிதர் கையா, நிரலா என்று அந்தப் பள்ளிக்குத் தெரியுமா?

1991இல் வந்த விஷுவல் பேசிக்குக்குத் தெரியாது. அதன் உரைப்பெட்டியில் விரல் தட்டினாலும் நிரல் எழுதினாலும் அதே சேஞ்ச் ஈவென்ட்தான். அதை உருவாக்கியவர்கள் ஆபத்தை உணர்ந்தேயிருந்தார்கள். ஒன்றையொன்று மாற்றும் இரண்டு பெட்டிகளை வைக்காதீர்கள், ஒரு பெட்டி தன்னையே மாற்றுவது தவிர்க்க முடியாவிட்டால் ஒரு ஃபிளாக் வைத்துத் தடுங்கள் என்று அதன் உதவிக் குறிப்பே எச்சரித்தது. அதற்கு அடித்தளமான விண்டோஸிலோ நிலைமை இன்னும் விசித்திரம். நிரல் செட்டெக்ஸ்ட் செய்தி அனுப்பி எழுதும்போது, ஒற்றை வரிப் பெட்டி மாற்ற அறிவிப்பு தரும். பல வரிப் பெட்டி தராது.

ஃபிளாக் வைக்கும் பழக்கத்தை மற்ற மொழிகளிலும் காணலாம். ‘நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்’ என்று ஒரு மாறியில் குறித்துவிட்டு எழுதுவது, முடிந்ததும் குறிப்பை நீக்குவது. சின்ன நிரலுக்கு இது போதும், குறை சொல்லமாட்டேன். ஆனால் இடையில் ஏதாவது பிழை எழுந்து குறிப்பை நீக்காமலே வெளியேறிவிட்டால் பெட்டி அதன்பின் ஊமையாகிவிடும். க்யூட் நூலகத்தில் இதன் உறவுமுறைதான் ‘பிளாக் சிக்னல்ஸ்’. வெளியேறும்போது தானே விடுவித்துக்கொள்ளும் ‘சிக்னல் பிளாக்கர்’ 5.3 பதிப்பில் சேர்ந்தது. அப்போதும் ஒரு குறை தீரவில்லை. வாயை அடைத்தால் எல்லோருக்கும்தான் அடைபடும். ‘மாற்றம் உண்டு, சேமி’ என்று விளக்கேற்றக் காத்திருக்கும் பொத்தானுக்கும் செய்தி போகாது.

அதே க்யூட் இன்னொரு வழியையும் வைத்திருக்கிறது. அதை நான் பெரிதும் மதிக்கிறேன். அதன் ஒற்றை வரிப் பெட்டி ‘டெக்ஸ்ட் சேஞ்ச்டு’, ‘டெக்ஸ்ட் எடிட்டட்’ என இரண்டு சிக்னல்கள் தருகிறது. முன்னது யார் மாற்றினாலும் ஒலிக்கும், பின்னது மனிதர் மாற்றினால் மட்டும். பின்னதோடு இணைத்தால் மேலே சொன்ன ஒரு பைசா பிறக்கவே பிறக்காது. என் கேள்விக்குக் கருவியே பதில் சொல்லும் அபூர்வமான இடம் இது. ஜாவாவின் ஸ்விங் நூலகம் கண்டிப்பு வழியில் போயிற்று. ஓர் ஆவணம் தன் மாற்றத்தை அறிவித்துக்கொண்டிருக்கும்போதே அதே ஆவணத்தைத் திருத்த முயன்றால் விதிவிலக்கை எறிந்து நிறுத்திவிடும். கண்டிப்பு நல்லதுதான், ஆனால் அதற்குப் பலரும் கண்ட மருந்து ‘பிறகு செய்’ என்று வேலையை வரிசையில் தள்ளிவிடுவது. அப்போது சுழல் மறைவதில்லை, தவணை முறையில் ஓடுகிறது.

மூத்த பள்ளி வேறு. 1978–79இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் நார்வேக்காரரான டிரிக்வே ரீன்ஸ்கௌக் வகுத்த எம்.வி.சி. (மாதிரி, தோற்றம், கட்டுப்படுத்தி) முறையில் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசுவதில்லை. விலை என்பது நடுவே உள்ள மாதிரியின் சொத்து. இரண்டு பெட்டிகளும் அதன் இரண்டு தோற்றங்கள். மதிப்பு உண்மையிலேயே மாறினால் மட்டும் மாதிரி குரல் கொடுக்கும். இது எண்ணத்தில் தூய்மையானது. நடைமுறையில் ஒரு முள் உண்டு. ஒருவர் 12.5 என்று எழுத முனைந்து, ‘12.’ வரை வந்திருக்கிறார். மாதிரிக்கு அது 12. அது தன்னைத் திரும்ப எழுதிக்காட்டினால் புள்ளி மறைந்துவிடும், அவரால் 12.5 எழுதவே முடியாது. கையில் இருக்கும் பெட்டி தோற்றம் மட்டும் அல்ல, ஒரு பாதிச் சொல்லும்கூட. அதைத் தனியே காத்துவைக்காத மாதிரி எவ்வளவு தூய்மையானாலும் தோற்கும்.

2006இல் வந்த விண்டோஸ் இடைமுக நூலகமான டபிள்யூ.பி.எஃப். இதை உணர்ந்து, உரைப்பெட்டியின் இருவழிப் பிணைப்பை இயல்பாகவே ஃபோகஸ் விலகும் வரை காத்திருக்க வைத்தது. எழுதி முடித்து நகர்ந்த பிறகுதான் மதிப்பு மாதிரிக்குப் போகும். ஆனால் அதன் டூல்பார் பொத்தான்கள் ஃபோகஸைப் பறிப்பதில்லை. கடைசிப் பெட்டியில் எழுதிய கையோடு டூல்பாரில் ‘சேமி’யை அழுத்தினால் பழைய மதிப்பு சேமிக்கப்படும். இந்தக் கட்டத்தைச் சோதிக்காமல் ஒரு படிவத்தையும் வெளியிடக் கூடாது.

அளவு, விகிதம், தொகை என மூன்று பெட்டிகள் வந்தால் கேள்வி கடினமாகிறது. தொகையைத் திருத்தினால் மாறவேண்டியது அளவா, விகிதமா? இதை நேராகச் சந்தித்தது, மதிப்புகளுக்கு இடையிலான உறவுகளையே விதிகளாக எழுதும் கட்டுப்பாட்டுப் பள்ளி ஒன்றுதான். 1963இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் செய்த ஸ்கெட்ச்பேட் என்னும் நிரல், வரைபடத்தின் கோடுகளுக்கு இடையே கட்டுப்பாடுகளை வைத்தது. 1979இல் ஆலன் போர்னிங்கின் திங்லேப் அதை வளர்த்தது. பின்னாளில் அடோபியில் ஷான் பேரன்ட் முதலானோர், படத்தின் அகலம், உயரம், விழுக்காடு போன்ற பெட்டிகள் கொண்ட டயலாக்குகளுக்கு உறவுகளை மட்டும் எழுதினால் போதும் என்ற வடிவத்துக்குக் கொண்டுவந்தனர். மனிதர் கடைசியாகத் தொட்டதைக் காப்பாற்று, தொட்டு நெடுநேரமானதை மாற்று என்பது அதன் சாரம். யார் மாற்றினார் என்பதோடு எப்போது மாற்றினார் என்பதையும் அது நினைவில் வைக்கிறது. பரவலாகாமல் போனது வருத்தம்.

தமிழில் எழுதுவோருக்கு ஒரு சிறப்புக் கவலை உண்டு. ‘இரண்டு பெட்டியிலும் ஒரே உரைதான், எழுதாதே’ என்று தடுக்கும் ஒப்பீடு, யூனிகோடில் ஏமாறும். ‘கொ’வை ககரமும் ஓர் ஒகரக் குறியுமாகவும் சேமிக்கலாம். அதே குறியை ஒற்றைக் கொம்பு, கால் எனப் பிரித்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, நிரலுக்கு இரண்டு. ஒரு பெட்டி இயல்பாக்கி வைத்து, மற்றது வைக்காவிட்டால் எண்களில் கண்ட அதே ஆட்டம் பெயர்களிலும் தொடங்கும். தமிழ்99 விசைப்பலகையில் ககரத்தை இருமுறை தட்டினால் முதலாவதில் தானே புள்ளி ஏறும். முன் எழுதியதை அழித்துத் திருத்தும் தட்டச்சு மென்பொருளில் ஒரு சொல்லுக்குள் பல மாற்ற ஈவென்டுகள் எழும். நடுவே ஹேண்ட்லர் உரையைத் திரும்ப எழுதிக் கர்சரைக் கடைசிக்குத் தள்ளினால் சொல் சிதையும்.

தர அளவுகோல் என்று பார்த்தால், செவன் கூஐஸ் என்னும் ஏழு பயிற்சிகளில் இரண்டாவதான செல்சியஸ்–ஃபாரன்ஹீட் மாற்றியை ஏற்கலாம். எண்ணல்லாததை ஒரு பெட்டியில் எழுதினால் மற்றது அசையக் கூடாது என்று அது கேட்கிறது. நான் அதோடு செயல்நீக்கத்தையும் சேர்ப்பேன். க்யூட் பெட்டியில் நிரல் உரையை அமைக்கும்போது அதன் செயல்நீக்க வரலாறு முழுக்க அழிகிறது. 84.75 வந்து விழுந்த பெட்டிக்குக் கடைக்காரர் திரும்பி கன்ட்ரோல் இசட் அழுத்தினால், காலையில் அங்கே அவரே எழுதிய விலை திரும்ப வராது. 100 என்று அடித்தது ஒரே செயல். ஒருமுறை நீக்கினால் இரு பெட்டிகளும் சேர்ந்தே பின்வாங்க வேண்டும். அதற்கான வரலாற்றை மாதிரியில்தான் வைக்க வேண்டும், பெட்டியில் அல்ல.