சீட்டு, குறுக்கெழுத்து, சூது

நாமக்கல்லில் லோடுக்குக் காத்திருக்கும் லாரி ஓட்டுநர்களோடு மரத்தடியில் உட்கார்ந்து நானும் ரம்மி ஆடியிருக்கிறேன். ‘ஒரு கை போடுங்கண்ணா, பொழுது போகட்டும்’ என்பார்கள். பத்து, இருபது பந்தயமும் உண்டு, மறைக்கவில்லை. விழுந்த சீட்டை ஞாபகம் வைத்து, எதிராளி எதற்குக் காத்திருக்கிறான் என்று கணித்துக் கைச்சீட்டை அடுக்கும் இன்பம், குறுக்கெழுத்தில் கட்டம் நிரப்பும் இன்பத்துக்குக் குறைந்ததல்ல. ஆனால் அது ‘அறிவு’, இது ‘சூது’.

1967இல் உச்ச நீதிமன்றமே ரம்மியைப் பெரிதும் திறமையாட்டம் என்றது. வழக்கு செகந்திராபாத் மன்றம் ஒன்றைப் பற்றியது. மன்றத்துக்குக் கிடைத்த மரியாதை மரத்தடிக்கு வந்துசேரவில்லை. போலீஸ் ஜீப் சத்தம் கேட்டால் ஓட்டம்தான்.

பிறகு அதே ‘திறமை’ வாதத்தைச் செல்பேசி ரம்மி நிறுவனங்கள் கையிலெடுத்தன. தமிழக அரசின் 2022ஆம் ஆண்டுத் தடைச்சட்டத்தில் ரம்மியைச் சேர்த்தது செல்லாது என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசு, திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்துக்கும் தடைச்சட்டம் இயற்றியது.

இந்த விவாதம் முழுவதிலும் இன்பம் பற்றிப் பேச்சே இல்லை. முதலாளியின் கணக்கில் ஏறாத காத்திருப்பை மரத்தடிக்காரர்கள் தம் சொந்த நேரமாக மாற்றிக்கொண்டார்கள். தோற்றவனைக் கிண்டலடிக்கவும், ‘போதும், எந்திரிறா’ என்று கையைப் பிடித்து இழுக்கவும் பக்கத்தில் ஆள் இருந்தது. செல்பேசி ரம்மி முதலில் அந்த ஆளைத்தான் அப்புறப்படுத்தியது. பிறகு காத்திருப்பையும் விலைபேசியது. சீட்டு என்றாலே முகம் சுளிக்கும் நம் தோழர்கள் இந்த வித்தியாசத்தையாவது பார்க்க வேண்டாமா?