9.81: ஓர் இரவற் பெறுமானம்

எளிய ஊசற் பரிசோதனையின் முடிவில், புவியீர்ப்பு ஆர்முடுகல் செக்கனுக்குச் செக்கன் 9.81 மீற்றர் என்று மாணவர் கொப்பிகளில் வந்து நிற்பது அரிதன்று. ஆசிரியரும் சரியென்று அடையாளமிடுகிறார். நெல்லியடியிலுள்ள வகுப்பறையொன்றில் அவ்விடை கிடைக்குமாயின், ஐயுறவேண்டியது அப்போதுதான்.

9.81 இலண்டனுக்கும் பாரிசுக்கும் உரிய பெறுமானம். கடல்மட்டத்தையொட்டி, மத்திய கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9.8 பாகையில் (இவ்வெண் ஒப்புமை தற்செயலே) கிடக்கும் நெல்லியடிக்கு உரியது 9.78. புவியின் சுழற்சியும் மத்திய கோட்டருகே அதன் புடைப்பும் காரணங்களாம். பாடநூல் மேற்கிலிருந்து வந்தது. எண்ணும் உடன் வந்தது. உயர்தர வினாத்தாளோ 10 எனக் கொள்ளச் சொல்கிறது. அது கணிப்பின் வசதி கருதியது, எவரையும் ஏமாற்றுவதன்று.

1672 இல் ரிஷே என்னும் பிரெஞ்சு வானியலாளர், மத்திய கோட்டுக்கு வடக்கே 5 பாகையளவிலுள்ள தென்னமெரிக்கக் கயேனுக்குச் சென்றார். பாரிசில் செக்கன் காட்டிய ஊசல் அங்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பிந்தியது. அவர் பாரிசின் எண்ணை எழுதி ஒப்பேற்றிவிடவில்லை. ஊசலைச் சிறிது குறுக்கவேண்டியிருந்தது என்பதைப் பதிவுசெய்தார். 1687 இல் வெளியான நியூற்றனின் பிரின்சிப்பியாவில் அப்பதிவு புவியின் வடிவத்துக்குச் சான்றாயிற்று.

ஒரு மீற்றர் ஊசலின் 50 அலைவுகளில் 9.78 இற்கும் 9.81 இற்குமுள்ள வேறுபாடு 0.15 செக்கன் மாத்திரமே. நிறுத்தற் கடிகாரத்தை அழுத்தும் விரலின் தாமதமே ஏறக்குறைய அவ்வளவினது. நீளத்தில் ஒரு மில்லிமீற்றர் பிழைத்தால் விடை 0.01 மாறும். 10 பாகை வீச்சில் ஆட்டினாலோ விடை 0.4 வீதம் குறைந்து, 9.74 ஆகத் தோன்றும். ஆகவே 9.7 என்றோ 9.85 என்றோ பெற்ற மாணவர், வழுவின் எல்லையையும் உடனெழுதினால், அளந்தவராவார். 9.81 என்று எழுதியவர் அளந்தாரா என்பதே கேள்வி. அவருக்கு முழுப்புள்ளியும் மற்றவருக்குச் சிவப்புக் கோடும் வழங்கும் திருத்தல் முறை, பரிசோதனையை எழுத்துப் பயிற்சியாக்கிவிடுகிறது.

கருவிக் குறைவு இதற்குச் சாட்டாகாது. நூலும் குண்டும் மீற்றர்க் கோலும் போதும். 100 அலைவுகளை எண்ணப் பிடிப்பது மூன்றரை நிமிடத்துக்கும் குறைவு, வேறுபாடு 0.3 செக்கனாகி விரலின் தாமதத்தைக் கடக்கும். வீச்சை 5 பாகைக்குள் வைத்து, ஊசல் நடுநிலையைக் கடக்கும் கணத்திலிருந்து எண்ணத் தொடங்கல் வேண்டும். குண்டின் மையத்தைத் துணிவதிலுள்ள ஐயமோ, நீளத்துக்கெதிரே அலைவுகாலத்தின் வர்க்கத்தைக் குறிக்கும் வரைபில், படித்திறனைத் தொடாது வெட்டுத்துண்டிலே தங்கிவிடும்.