பேருக்குப் போடுகிற மார்க்கு

பள்ளிக்கூடத்தைப் பற்றி எடுக்கிற படங்களில் பள்ளிக்கூடம் இருப்பதில்லை. முப்பது வயசு நடிகர் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு வருவார். காதல் வரும், பாட்டு வரும். கடைசியில் நல்ல வாத்தியார் ஒருத்தர் வந்து எல்லாரையும் திருத்திவிட்டுப் போவார். பிள்ளைகளின் பேரில் பெரியவர்கள் பேசிக்கொள்கிற ஏற்பாடு இது. நம்மைப் பற்றி மற்றவர்கள் எழுதிய கதைகளை வாசித்தே வளர்ந்த நமக்கு இந்த ஏற்பாடு ஒன்றும் புதுசு இல்லை.

கனடாவின் டொரான்டோ நகரத்தில் எடுக்கப்பட்ட 'டெக்ராசி ஜூனியர் ஹை' என்ற தொலைக்காட்சித் தொடரை இதற்கு எதிரில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். 1987 ஜனவரி தொடங்கி 1989 வரை சிபிசி தொலைக்காட்சியில் 42 பகுதிகளாக வந்தது. ஏழாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளின் கதை. கிட் ஹூட்டோடு சேர்ந்து இதை உருவாக்கிய லிண்டா ஷைலர் பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்தவர். பேர் பெற்ற நடிகர்களை இவர்கள் தேடவில்லை. அந்த வயசுப் பிள்ளைகளையே கூட்டிவந்து, பட்டறை நடத்தி, நடிக்க வைத்தார்கள். எழுதின வசனத்தைப் பிள்ளைகளிடம் வாசிக்கக் கொடுத்தார்கள். 'நாங்க இப்படிப் பேச மாட்டோமே' என்று அவர்கள் சொன்னால் அதற்கு மதிப்பு இருந்தது. யதார்த்தம் என்று விமர்சகர்கள் சொல்வது இங்கே காமிராவால் வந்ததல்ல, பேசுகிற உரிமை யாரிடம் இருந்தது என்பதால் வந்தது.

ஸ்பைக் என்கிற எட்டாம் வகுப்புப் பெண் கர்ப்பமாகிறாள். அந்தப் பகுதிக்கு சர்வதேச எம்மி விருது கிடைத்தது. விருதைவிட எனக்கு முக்கியமாகப்படுவது அடுத்து நடப்பது. மற்ற தொடர்களில் ஒரு வாரம் அழுதுவிட்டு மறுவாரம் மறந்துபோவார்கள். இங்கே வயிறு வளர்கிறது, பள்ளிக்கூடம் முகம் சுளிக்கிறது, குழந்தை பிறக்கிறது, அவள் படிப்பு இழுபடுகிறது. 2001-இல் இதே தொடரின் அடுத்த தலைமுறைக் கதை தொடங்கியபோது, அந்தக் குழந்தையே வளர்ந்து பள்ளி மாணவியாக வந்து நின்றது. செய்ததன் விளைவோடு கூடவே நடந்துபோகிற நேர்மை இது.

என்னை உலுக்கியது 'சோதனை' என்கிற பகுதி. யிக் யூ வியட்நாமிலிருந்து வந்த அகதிக் குடும்பத்துப் பையன். ராடிச் வாத்தியார் தனக்கு வேணும்னே மார்க்கைக் குறைக்கிறார் என்று அவனுக்குச் சந்தேகம். எழுதினதைப் பார்த்து மார்க்கா, பேரைப் பார்த்து மார்க்கா? கட்டுரையை மாற்றிக் கொடுத்துச் சோதித்துப் பார்க்கிறான்.

நான் படித்த பள்ளியில் இந்தச் சோதனைக்கு அவசியமே இருக்கவில்லை. வருசா வருசம் ஜூன் மாசம் வாத்தியார் வருகைப் பதிவேட்டை விரித்துவைத்துக்கொண்டு, 'ஸ்காலர்ஷிப் வாங்குற பசங்கல்லாம் எந்திரிங்கடா' என்பார். எழுந்திருப்போம். உட்கார்ந்திருக்கிறவன் திரும்பிப் பார்த்து எண்ணிக்கொள்வான். அதற்குப் பிறகு நாங்கள் எழுதுகிற எந்தக் கட்டுரைக்கும் எங்கள் பேர் மட்டும் தலைப்பில் இருக்காது, சாதியும் சேர்ந்தே இருக்கும். யிக்கால் சந்தேகப்பட முடிந்தது. அந்தச் சந்தேகம்கூட எங்களுக்குச் சலுகைதான்.

தொடரோடு எனக்குள்ள சண்டையும் இங்கேதான் தொடங்குகிறது. ராடிச்சின் மார்க்கை அது ஓர் ஆசிரியருக்கும் ஒரு மாணவனுக்கும் நடுவில் உள்ள தகராறாகவே பார்க்கிறது. மிஷேல் என்ற வெள்ளைக்காரப் பெண் கறுப்பினப் பையனோடு பழகுவதை அவள் பெற்றோர் தடுக்கிற இன்னொரு பகுதியும் உண்டு. அதுவும் வீட்டுக்குள்ளேயே சுற்றிவருகிறது. மனசு திருந்தினால் போதும் என்கிற தாராளவாதம். மனசுக்குப் பின்னால் நிற்கிற பதிவேட்டை அது கேள்வி கேட்பதில்லை.

அந்த வகுப்பறையில் யார் இல்லை என்றும் பார்க்க வேண்டும். முக்கியப் பாத்திரங்களில் பூர்வகுடிப் பிள்ளை ஒன்றுகூட இல்லை. இந்தத் தொடர் ஓடிய வருசங்களிலும் அந்த நாட்டின் உறைவிடப் பள்ளிகள் முழுசாக மூடப்படவில்லை. 1990-களில்தான் கடைசிப் பள்ளி மூடப்பட்டது. 1,50,000-க்கும் மேற்பட்ட பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, மொழியைப் பறித்து வளர்த்த பள்ளிகள் அவை. 2008-இல் கனடா அரசு மன்னிப்புக் கேட்டது. ஒரு நாட்டின் பள்ளிக்கூடத்தை உள்ளபடி காட்டுகிறேன் என்று சொல்கிற கதையில், அந்த நாட்டின் ஆகக் கொடுமையான பள்ளிக்கூடத்துக்கு இடமில்லை.

நம்மவர்களும் தப்பிவிட முடியாது. தொடர் தொடங்குவதற்கு ஐந்து மாதம் முன்னால், 1986 ஆகஸ்டில், 155 ஈழத்தமிழர்கள் உயிர்காப்புப் படகுகளில் நியூஃபவுண்ட்லாந்து கடலோரம் மீட்கப்பட்டார்கள். பின்னாட்களில் டொரான்டோ பள்ளிகளில் தமிழ்ப் பிள்ளைகள் நிறைந்தார்கள். படகில் சாதியும் ஏறித்தான் வந்தது. வெள்ளைக்கார வாத்தியாருக்கு அது தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற தமிழ்ப் பிள்ளைக்குத் தெரியும். 'உங்க சொந்த ஊர் எது?' என்ற ஒரு கேள்வி போதும். 2023 மார்ச்சில் டொரான்டோ மாவட்டப் பள்ளி வாரியம் தன் பள்ளிகளிலும் சாதி ஒடுக்குமுறை உண்டு என்று ஏற்றுத் தீர்மானம் போட்டது. அதைக் கொண்டுவந்தவர் யாழினி ராஜகுலசிங்கம் என்ற தமிழ் உறுப்பினர். எதிர்ப்பும் நம் ஆட்களிடமிருந்து வந்தது. யிக்கின் சந்தேகத்துக்கு அதே ஊரில் 36 வருசம் கழித்துக் கிடைத்த பதிலாக இதை வாசிக்கிறேன்.

ஆகவே இந்தத் தொடரிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது கதையை அல்ல, வேலை செய்த முறையை. சேரிகளில் மாலை வகுப்பு நடத்துகிற தோழர்கள் நிறையப் பேர் இதை வாசிப்பீர்கள். நாடகம் போடுகிறபோது நாமே எழுதி மனப்பாடம் செய்யச் சொல்லாமல், ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் காகிதத்தைக் கொடுத்து, 'இதுல எது பொய்?' என்று கேட்டுப் பார்ப்போம். அவர்கள் அடித்துப்போடுகிற வரிகளில் நாம் எழுதினதும் இருக்கும். இருக்கட்டும்.