சியோலைற்று ஊக்கி: களிமண்ணும் கழுவுநீரும்

மசகு எண்ணெயின் கனத்த பகுதியை உடைத்துப் பெற்றோலும் எரிவாயுவும் ஆக்கும் ஊக்கியில் முதன்மையான கூறு, வை வகைச் சியோலைற்று எனப்படும் அலுமினோசிலிக்கேற்றுப் பளிங்கு. ஏறத்தாழ 0.74 நனோமீற்றர் அகன்ற வாசல்களும், அவற்றுக்குள்ளே 1.3 நனோமீற்றர் அளவிலான அறைகளும் அதன் உடல் முழுவதும் ஒழுங்காக அமைந்திருக்கும். பளிங்கில் அலுமினியம் அமர்ந்த ஒவ்வோர் இடமும் ஒரு மறையேற்றத்தைச் சுமக்கிறது. அந்த ஏற்றத்தைச் சமன்செய்யும் சோடியத்தை அகற்றி அங்கே ஐதரசன் அயனை இருத்தினால் வலிய அமிலத்தானம் ஒன்று பிறக்கும். எண்ணெய் மூலக்கூறுகள் உடைவது அந்தத் தானங்களில்தான். ஆகவே தயாரிப்பின் பெரும்பகுதி சோடியத்தை வெளியேற்றும் போராட்டமாகவே இருக்கிறது. இத்தொழிலின் சிறப்பும் குறையும் அங்கேயே சேர்ந்து கிடக்கின்றன.

பாய்ம ஊக்கி உடைப்பு 1942இல் அமெரிக்காவின் பற்றன் ரூஜ் ஆலையில் தொடங்கியபோது சியோலைற்று அதில் இல்லை. களிமண்ணும், பளிங்குருவற்ற சிலிக்கா அலுமினாவுமே அன்றைய ஊக்கிகள். 1962இல் மொபில் நிறுவனத்தின் பிளாங்க், ரொசின்ஸ்கி ஆகியோரின் வேலை சியோலைற்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதே எண்ணெயிலிருந்து கூடுதலான பெற்றோலும் குறைவான கரிப்படிவும் கிடைத்தன. பளிங்கின் செயல்வேகம் அளவுக்கு மீறியது என்பதால் அதைத் தனியே பயன்படுத்த முடிவதில்லை. இன்றும் ஊக்கித் துகளில் சியோலைற்றின் பங்கு 15 முதல் 40 சதவீதம் வரைதான். மிகுதி கயோலின் களியும் அலுமினாவும் பிணைபொருளும். எண்ணெய் சுத்திகரிப்பில் இதற்கு இணையான முன்னேற்றங்கள் மிகச் சில என்று சொல்வது மிகையாகாது.

தயாரிப்பின் முதற்கட்டம் எளிமையானது போலத் தோன்றும். சோடியம் சிலிக்கேற்று, சோடியம் அலுமினேற்று, எரிசோடா ஆகியவற்றைக் கலந்து, விதைக் கரைசல் சேர்த்து, ஏறத்தாழ 100 பாகை செல்சியசில் பல மணிநேரம் வைத்தால் கூழ் பளிங்காகும். ஆனால் வை வகை நிலையற்ற விளைபொருள். நேரம் கடந்தால் அதே கூழில் பயனற்ற வேறொரு சியோலைற்று வளரத் தொடங்கும். எப்போது நிறுத்துவது என்பது கலன், கலக்கி, விதை ஆகிய மூன்றையும் அறிந்தவர்களின் தீர்ப்பு. காப்புரிமை ஆவணங்களைப் படித்து மட்டும் அது கைவருவதில்லை.

வடித்த பளிங்கில் நிறைப்படி 13 சதவீதம் அளவுக்குச் சோடியம் ஒட்சைட்டு இருக்கும். அதை ஒரு சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும். அமோனியம் உப்புக் கரைசலால் கழுவும்போது பெரிய அறைகளில் உள்ள சோடியம் விரைவில் வெளியேறும். சிறு கூடுகளுக்குள் ஒளிந்தது அசையாது. பளிங்கை 500 பாகைக்கு மேல் சூடாக்கி அந்த அயன்களை இடம்பெயரச் செய்து, மீண்டும் கழுவ வேண்டியிருக்கிறது. நீராவியில் சுடும்போது சட்டகத்திலிருந்து ஒரு பகுதி அலுமினியம் கழன்று, அந்த வெற்றிடங்களைச் சிலிக்கன் நிரப்பும். இதனால் அமிலத்தானங்கள் குறையும், வெப்பம் தாங்கும் வலு கூடும். 700 பாகையை எட்டும் மீளாக்கக் கலனில், படிந்த கரியை எரித்து ஓயாது மீட்கப்படும் ஊக்கிக்கு இந்த வலு இல்லாமல் ஆகாது.

அருமண் உலோகங்களின் வேலை இதற்கு எதிர்த்திசையில். இலந்தனம், சீரியம் அயன்கள் அலுமினியம் கழலாமல் பிடித்து வைத்துப் பெற்றோல் விளைச்சலைக் கூட்டுகின்றன. ஆனால் கிடைக்கும் பெற்றோலின் ஒக்டேன் மதிப்பு தாழ்கிறது. விளைச்சலா தரமா என்ற இழுபறியை எந்த உற்பத்தியாளரும் முழுமையாகத் தீர்த்ததில்லை. ஆலைக்கு ஆலை கலவையை மாற்றி விற்கிறார்கள், அவ்வளவே.

துகளாக்கும் முறைகள் இரண்டு. ஒன்றில், தனியே செய்த பளிங்கைக் களியுடனும் பிணைபொருளுடனும் குழம்பாக்கிச் சூடான காற்றில் தெளித்து, சராசரி 70 மைக்கிரோன் அளவுள்ள உருண்டைகளாக உலர்த்துவார்கள். கலவையை விரும்பியபடி மாற்றலாம் என்பது இதன் பலம். பிணைபொருள் சரியில்லையானால் துகள் தேய்ந்து தூளாகிப் புகைபோக்கி வழியே போய்விடும். மற்றதில், கயோலின் உருண்டைகளை முதலில் சுட்டு, எரிசோடாக் கரைசலில் இட்டு, உருண்டைக்குள்ளேயே சியோலைற்றை வளர்ப்பார்கள். எங்கல்ஹார்ட் நிறுவனம் வளர்த்தெடுத்த வழி இது. துகள் உறுதியானது, நுண்துளைகளும் எண்ணெய்க்கு வசதியானவை. ஆனால் களியின் தரம் சற்றுப் பிசகினாலும் விளைபொருள் மாறிவிடும். கலவையில் கைவைக்கும் சுதந்திரமும் குறைவு.

இனிக் குறைகள். முதற்குறை கழுவுநீர். சோடியத்தை வெளியேற்றும் ஒவ்வொரு கழுவலும் அமோனியமும் உப்பும் கலந்த நீரை விட்டுச்செல்கிறது, சூளையிலிருந்து அமோனியா வாயு எழுகிறது. எண்ணெய் ஆலையின் திறனைப் புகழும் கணக்குகளில் ஊக்கி ஆலையின் இந்தச் செலவு இடம்பெறுவது அரிது. இரண்டாவது குறை அருமண் சார்பு. 2010இல் சீனா ஏற்றுமதி ஒதுக்கீட்டைக் குறைத்தபோது இலந்தனத்தின் விலை அடுத்த ஆண்டுக்குள் பத்து மடங்குக்கும் மேலாக ஏறியது. உற்பத்தியாளர்கள் அவசரமாக அருமண் குறைந்த கலவைகளுக்கு மாறினார்கள். முன்பு சேர்க்கப்பட்ட அருமண்ணில் ஒரு பகுதி தேவைக்கு மிஞ்சியது என்பதும் அப்போது தெரியவந்தது. மூன்றாவது, எண்ணெயில் வரும் வனேடியம். நீராவியும் வனேடியமும் சேர்ந்தால் பளிங்குச் சட்டகமே இடிந்துபோகும். நிக்கல் அதை இடிக்காது, ஆனால் கரியையும் ஐதரசனையும் பெருக்கும். பழைய ஊக்கியில் ஒரு பகுதியை நாள்தோறும் எடுத்துப் புதியதை இடுவதே இதற்கான நடைமுறை. அதை மருந்து என்பதைவிட ஓயாத செலவு என்பது பொருந்தும்.

கொழும்பின் நிலை இந்தப் பின்னணியில் கவனிக்கத்தக்கது. இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் 1969இல், ஈரானிய இலேசு எண்ணெயைக் கருத்திற் கொண்டு தொடங்கப்பட்டது. நாளொன்றுக்கு 50,000 பீப்பாய் வடிக்கும் அந்நிலையத்தில் பாய்ம ஊக்கி உடைப்பு அலகு இல்லை. அங்கு பெற்றோலின் தரத்தைக் கூட்டுவது பிளாற்றின ஊக்கி. கனத்த எச்சம் வெப்பத்தால் மட்டும் சற்றே இளக்கப்படுகிறது. விளைவாக வடித்த எண்ணெயில் மூன்றிலொரு பங்கு அளவில் உலை எண்ணெயாகவே மிஞ்சி மின்நிலையங்களை நாடுகிறது. அதே 1969இல் தொடங்கிய சென்னை மணலி ஆலை, பின்னர் உடைப்பு அலகைச் சேர்த்துக்கொண்டது. இரண்டு ஆலைகளும் பிரிந்த இடம் அதுதான்.

ஊக்கியை இங்கேயே செய்யலாமே, மூலப்பொருள் உள்நாட்டில் உண்டே என்ற வாதம் எழக்கூடும். வெள்ளவத்தையிலிருந்து தென்கிழக்கே சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள பொரலஸ்கமுவவில் கயோலின் தோண்டப்பட்டு வந்திருக்கிறது. மீட்டியாகொடையிலும் உண்டு. புல்மோட்டைக் கடற்கரை மணலில் இல்மனைற்றுடன் சிறிதளவு மொனசைற்றும் கலந்திருக்கிறது. இலந்தனமும் சீரியமும் அதில் அடக்கம். வாதம் கேட்க இனிமையானது, ஆனால் பலவீனமானது. ஊக்கியின் விலையில் களியின் பங்கு அற்பம். மொனசைற்றைப் பிரிக்கப் போனால் தோரியத்தையும் அதன் கதிர்வீச்சையும் கையாள வேண்டும்.

அளவுக் கணக்கு இன்னும் கடுமையானது. உடைப்பு அலகு ஒன்று ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு ஏறத்தாழ நூறு கிராம் புதிய ஊக்கியை உண்ணும். சப்புகஸ்கந்தையில் நாளொன்றுக்கு 15,000 பீப்பாய் அலகு ஒன்று இருந்தால் ஆண்டுத் தேவை 500 தொன்னைச் சற்றே தாண்டும். உலகின் தேவையோ நாளொன்றுக்கே ஆயிரம் தொன்னுக்கு மேல். கிரேஸ், பாஸ்ஃப், கெட்ஜென், சினோபெக் போன்ற சிலரிடமே தொழில் குவிந்திருப்பதற்கு இந்த அளவுப் பொருளாதாரமும் பெரிய காரணம். அத்துடன் கழுவுநீரை எங்கே விடுவது என்ற கேள்வி. கொட்டாஞ்சேனை உட்படக் கொழும்பு மாநகரம் குடிநீரில் பெரும்பங்குக்கு நம்பியிருப்பது அம்பத்தளையில் எடுக்கப்படும் களனி ஆற்று நீரைத்தான். அந்த ஆற்றுப்படுகையில் அமோனியம் கழிவு தரும் இன்னொரு ஆலைக்கு இடம் தேடுவது விவேகமாகாது.

எனினும் சியோலைற்று வேலை பெரிய நிறுவனங்களுக்கே உரியது என்று முடிவுகட்டவும் இயலாது. பூனே தேசிய இரசாயன ஆய்வுகூடத்தில் பால் இரத்னசாமியின் குழு உருவாக்கிய என்சிலைற் ஊக்கி, 1980களில் பரோடாவில் சைலீன் சமபகுதிய மாற்றத்துக்குத் தொழில்முறையில் பயன்பட்டது. அது நடுத்தர வாசல்கள் கொண்ட பளிங்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்துப் பளிங்குகளைப் பெரும்பாலும் விலைகூடிய சேதன அமோனியம் உப்பை அச்சாக வைத்து வளர்ப்பார்கள், பிறகு அந்த அச்சை எரித்துவிடுவார்கள். செலவு மிகுந்த வழி. ஆனால் சிறிய கொள்ளளவில் உயர்மதிப்புப் பொருள் தரும் அலகுகளுக்கு அது கட்டுப்படியாகும். பூனேயின் பலம், ஊக்கியைப் பயன்படுத்தும் ஆலை முன்கூட்டியே இருந்ததும், அதன் கலனிலேயே சோதிக்க முடிந்ததும்தான். கொழும்பில் இல்லாதது அந்த ஆலை.

அம்பாந்தோட்டையில் நாளொன்றுக்கு 200,000 பீப்பாய் சுத்திகரிப்பு நிலையம் அமைக்க சினோபெக் நிறுவனம் 2025 ஜனவரியில் உடன்பட்டது. அந்த அளவுள்ள நிலையத்தில் உடைப்பு அலகு அமைந்தால் ஊக்கியும் அதே நிறுவனத்திடமிருந்து வருவதே இயல்பு. அப்போது உள்நாட்டுக்கு மிஞ்சும் பயனுள்ள வேலைகள் இரண்டு. ஒன்று, அலகிலிருந்து எடுத்த ஊக்கியில் வனேடியம், நிக்கல், சோடியம் ஆகியவற்றையும் பளிங்கின் அலகுக் கூட்டளவையும் கிரமமாக அளக்கும் சுயாதீன ஆய்வுகூடம். விற்பவரின் அறிக்கையை மட்டும் நம்பி இடும் ஊக்கி தேவைக்கு மிஞ்சிப் போவது வழக்கம். மற்றது, கழிந்த ஊக்கி. சிலிக்காவும் அலுமினாவும் நிறைந்த அந்தத் தூளைப் பல நாடுகளில் சீமெந்துச் சூளைகள் ஏற்றுக்கொள்கின்றன. ஏற்கும் முன் அதிலுள்ள நிக்கலின் அளவும், அது நீரில் கசியும் அளவும் சோதிக்கப்பட வேண்டும். அதற்கும் அதே ஆய்வுகூடம் போதும்.